கடல்பாசியின் மேல் போட்ட பழி

முகத்தில் பூசி, காயவிட்டு, ஒரே இழுப்பில் தோல்போல உரித்தெடுக்கும் பூச்சு ஒன்றைக் கடல்பாசியில் செய்து தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தது ஒரு சனிக்கிழமை மதியம். மலேசியாவின் ஈப்போவில், ஒரு பிஸ்கட் கடையின் மாடியில், காலைச் சுற்றி வெட்டிய கூந்தல் கிடக்க, நின்றபடியே கொடுத்தேன். யோசித்துக் கொடுக்கவில்லை. ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவனிடம் நாலு பெண்கள் முன்னால் ஒன்றைக் கேட்டால் அவன் யோசிப்பதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. கோலா கங்சார் போகும் சாலையில் இருந்த ஒரு ரப்பர் பால் ஆலையில், பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. அந்தப் பிஸ்கட் கடை மாடியில் இருந்தது அக்காவின் சலூன். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, தலைக்கு மேல் கவிழ்த்து முடி காயவைக்கும் இயந்திரம் ஒன்று. கூடப் பிறந்த அக்கா இல்லை. ஒரே எஸ்டேட், ஒரே லயத்து வரிசை வீடுகள், எங்கள் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி அவர் வீடு. என்னைவிட நாலு வயது மூத்தவர். இருபது வயதில் எஸ்டேட்டை விட்டு வந்து, ஒரு சீனத்தி கடையில் முடிவெட்டக் கற்று, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். என் மனைவி அவருடைய வாடிக்கை. மனைவியைக் கூட்டிப்போக வந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

யாரோ சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த டியூப் ஒன்றை, பல்பசையைப் பிதுக்குவதுபோல் அடிவரை பிதுக்கி வைத்திருந்தார் அக்கா.

"இத மூஞ்சில பூசி, காஞ்சதும் உரிச்சா அப்படியே வருது தம்பி. பளபளன்னு ஆயிருது. இந்த ஊர்ல கெடைக்கல. இது மாரி நீ செஞ்சு தர முடியுமா?"

டியூபை வாங்கி, படித்த முகத்தோடு பார்த்தேன். "பாசியிலேயே செய்யலாம்க்கா. அகார் அகார் உறையுதில்ல, அதே கணக்குதான்."

"சாப்புடற அகார் அகாரா?" அக்காவுக்குச் சந்தோஷம். அவருக்கு அதைப்போல் பிடித்த பண்டம் வேறு இல்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் முறுக்கைத் தொடமாட்டார். அகார் அகார் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். "அப்ப மிச்சத்தத் தின்னுக்கலாம். ஆனா ஒன்னு. ஒன் பாக்டரி பால மட்டும் இங்க கொண்டாந்துறாத. எனக்குப் பால் பட்டா அரிக்கும்."

நான் சிரித்தேன். என் மனைவியும் சிரித்தாள். அவளும் எஸ்டேட்டுக்காரிதான்.

ஏன் சிரித்தோம் என்று சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் பால் என்றால் ரப்பர் பால். அது எங்கள் உடம்பில் படாத நாளே இல்லை. பிள்ளைகள் மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் மிஞ்சிய பாலைப் புறங்கையில் தடவி, வெயிலில் காட்டி, காய்ந்ததும் உரித்தெடுப்போம். தோலின் கோடுகள், மயிர்க்குழிகள் எல்லாம் அந்தச் சவ்வில் அச்சாக விழுந்திருக்கும். அதுதான் எங்கள் விளையாட்டு. பால் அரிக்கும் என்று யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை, அக்கா ஒருவரைத் தவிர. பதினாறு வயதில் தாயாரோடு பால்வெட்டுக்குப் போனவர், கையெல்லாம் தடிப்பும் வீங்கிய இமையுமாகத் திரும்பி வருவார். கொசுக்கடி என்று சொல்லி எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ரோஸ் நிற மருந்து ஒன்றைக் கொடுப்பார். லயம் முழுக்க வேறு பெயர் வைத்தது: வேலைக்கள்ளி. அதை உரக்கச் சொன்னது அவருடைய தாயார். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அன்று மாடியில் அவர் அதைச் சொன்னபோது எனக்குப் பழைய சாக்கு ஒன்று நினைவுக்கு வந்ததே தவிர, எச்சரிக்கையாகக் கேட்கவில்லை.

வேலையை எங்கள் சமையலறையில் ஆரம்பித்தேன். பாசாரில் விற்கும் அகார் அகார் இழைகளை ஊறவைத்து, கொதிக்கக் காய்ச்சி, வடிகட்டினேன். மனைவி எட்டிப் பார்த்து, "சீனி போட மறந்துட்டீங்க" என்றாள்.

அகார் அகாரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கொதித்தால்தான் கரையும். ஆறினால் சட்டென்று உறையும். முகம் தாங்கும் சூட்டுக்கும் அது உறையும் சூட்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம்தான் கிடைக்கிறது. முதல் நாள் அவசரப்பட்டு மூக்கைச் சுட்டுக்கொண்டேன். அடுத்த முறை பொறுமையாக இருந்தேன், தூரிகை கிண்ணத்தோடு உறைந்து நின்றது. மூன்றாம் முறை ஒழுங்காகப் பூசி உட்கார்ந்தேன். உறைந்தது. அதிலிருந்து தண்ணீர் கசிந்து கழுத்து வழியே பனியனுக்குள் இறங்கியது. மனைவி என்னவோ சொல்ல, நான் சிரிக்க, வாயின் இரண்டு மூலையிலும் வெடித்துக் கன்னம் ஒரு பாளமாக மடியில் விழுந்தது.

"தட்டு வைக்கவா?" என்றாள் மனைவி.

கிளிசரின் சேர்த்தேன். வெடிப்பு குறைந்தது, ஆனால் பூச்சு முகத்தில் நிற்காமல் வழுக்கியது. பாசியைக் கூட்டினேன். மண்சட்டி மூடிபோல் இறுகியது. பிறகு ஆலையிலிருந்து அல்ஜினேட் கொண்டு வந்தேன். பழுப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் மாவு அது. ரப்பர் பாலில் கலந்து வைத்தால் பாலேடு மேலே திரண்டு வரும், அதற்காக ஆலையில் டின் டின்னாக இருந்தது. தண்ணீரில் கொட்டியதும் மீன் கண்ணைப்போல் உருண்டை கட்டியது. முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு தண்ணீரில் விட்டால் கட்டி விழாது என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்தேன். அது உறைவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சிலை செய்யும் ஜிப்சம் மாவில் ஒரு கரண்டி போட்டேன். நான் தூரிகையை எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிட்டது. மனைவி கரண்டியைப் பிடித்துத் தூக்கினாள். கிண்ணமும் சேர்ந்து வந்தது.

சனிக்கிழமைதோறும் ஒரு ஜாடியை மாடிக்குக் கொண்டுபோவேன். அக்கா விரலில் தொட்டுப் பார்த்தே குறை சொல்வார். "ஓரம் காஞ்சிருச்சு, நடு காயல. தடிப்பா பூசக்கூடாது தம்பி. தாடையிலேர்ந்து நெத்திக்கு ஒரே பக்கமா இழுக்கணும், உரிக்கறப்ப நெத்தியிலேர்ந்து கீழ வரணும்." படித்தவன் நான், ஆனால் அந்தப் பூச்சு முகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று சரியாகச் சொன்னவர் அவர்தான். ஒரு வாரம் பலகை எழுதுகிறவரைப் பிடித்து, பச்சை எழுத்தில் 'கடல்பாசி முகப்பூச்சு இங்கே கிடைக்கும்' என்று எழுதி மாடிப்படிக்கு மேல் மாட்டியும் விட்டார். தை மாதக் கல்யாணப் பெண்கள் மூன்று பேருக்குச் சொல்லியும் வைத்துவிட்டார்.

"கிடைக்குமான்னு முதல்ல என்னைக் கேட்டிருக்கலாமே அக்கா."

"நீ செஞ்சுருவலா. எனக்குத் தெரியாதா?"

எஸ்டேட்டை விட்டு வந்து அவர் சொந்தமாக ஏற்படுத்தப்போகிற முதல் விஷயம் அது. முடிவெட்டுவது எல்லாத் தெருவிலும் நடக்கிறது. இது அவரிடம் மட்டும்தான் இருக்கும். அதை அவர் வாயால் சொல்லவில்லை. பலகையைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்ததில் தெரிந்தது.

எனக்கோ பூச்சு வரவில்லை. உறைகிறது, உரிக்கும்போது கிழிகிறது. ஒரே தாளாக வரமாட்டேன் என்கிறது. ஒரு மதியம் பரிசோதனைக்கூடத்தில் கிழிந்த சவ்வோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே மேசைமேல் ஒரு ஜாடி நிறையத் தண்ணீர் பிரித்த கெட்டிப் பால், வெள்ளை வெளேரென்று இருந்தது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், கிழியாது. நான் தேடிக்கொண்டிருந்த குணங்கள் எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருந்தன.

இரண்டு கரண்டி எடுத்தேன். அதில் கலந்திருந்த அமோனியா நெடி போக மின்விசிறிக்கடியில் வைத்துக் கிளறினேன். அகார் அகார் கூழில் கலந்தேன், பன்னீர் தெளித்தேன். என் முழங்கையில் பூசிக் காய்ந்ததும் உரித்தேன். கையுறை கழற்றுவதுபோல் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மயிர்க்குழிகள் எல்லாம் அச்சாக இருந்தன. சின்ன வயது விளையாட்டேதான், பன்னீர் வாசத்தோடு. வீட்டுக்குப் போய் மனைவியின் கையிலும் பூசிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவளிடமும் கடல்பாசி என்றுதான் சொன்னேன்.

அக்கா பால் வேண்டாம் என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுத வந்தேன். நன்றாக நினைவிருந்தது. இரண்டு கரண்டிதானே, அந்தக் காலத்துச் சாக்குக்கு இப்போது என்ன அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன். பாசியால் முடியவில்லை என்று அந்த மாடியில் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை அக்கா கதவைச் சாத்திவிட்டுத் தன் முகத்தில் பூசத் தயாரானார். "என் மூஞ்சில போடாதத அடுத்தவ மூஞ்சில போடமாட்டேன்." தூரிகையைத் தோய்த்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "முழுக்கப் பாசிதானே தம்பி?"

"முழுக்கப் பாசிதான்க்கா."

தாடையிலிருந்து நெற்றிக்கு ஒரே பக்கமாக இழுத்துப் பூசினார். விசிறிக்கடியில் உட்கார்ந்து காயவிட்டார். உரித்தபோது அப்படியே வந்தது, மூக்கும் உதடும் நெற்றிச் சுருக்கமும் சேர்ந்து. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அந்த முகத்தை என் மனைவிக்குக் காட்டினார். "இவளப் பாரு. என்ன மாரியே இருக்கா, ஆனா வாய் பேசமாட்டா. இவளையே கட்டிக் குடுத்திருக்கலாம்." நாங்கள் சிரித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்தது இரண்டு மூன்று முறைதான்.

சிரித்து முடிக்குமுன் அக்கா கன்னத்தைச் சொறிந்தார். கொஞ்ச நேரத்தில் இமை கனத்தது. பிறகு உதடு. கண்ணாடியில் பார்த்தவர் ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டார். கண் திறக்கவில்லை. என் மனைவி ஒரு கையும் நான் ஒரு கையுமாகப் பிடித்துப் படியிறக்கி, எதிர்த்தெரு டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

டாக்டர் ஊசி போட்டார். முகத்தில் என்ன போட்டாய் என்று கேட்டார்.

"கடல்பாசி" என்றார் அக்கா, வீங்கிய உதட்டோடு.

டாக்டர் என்னைப் பார்த்தார். வேறு எதுவும் உண்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னேன். சொல்லும்போதே அது என்ன காரியம் என்று எனக்குத் தெரியும். கடலிலிருந்து வரும் எதுவும் இந்த உடம்புக்கு ஆகாதுபோல, பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன் என்று இப்போது எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். என் முகத்தைக் கண்டதும் அக்கா முந்திக்கொண்டார்.

"ஒன் ஒழைப்ப வீணாக்கிட்டேன் தம்பி. ஒன் மேல தப்பில்ல. என் ஒடம்புதான் ஒன்னுக்கும் ஆகாத ஒடம்பு. மன்னிச்சுக்க."

"பரவாயில்லக்கா" என்றேன்.

அந்த 'பரவாயில்லை'யை நான் எத்தனையோ முறை திரும்பக் கேட்டுவிட்டேன். பெருந்தன்மையான குரலில்தான் சொல்லியிருக்கிறேன்.

பலகை இறங்கியது. அதைக் கவிழ்த்துப் போட்டு ஷாம்பு போத்தல்கள் வைக்கும் தட்டாக ஆக்கிக்கொண்டார். கீழே குனிந்து பார்த்தால் பச்சை எழுத்து தெரியும். கல்யாணப் பெண்களுக்கு மஞ்சளும் தயிரும் பூசி அனுப்பினார். அக்கா அகார் அகார் தின்பதையும் நிறுத்தினார்.

இந்த நாட்டில் அகார் அகார் இல்லாமல் தமிழனுக்குத் தீபாவளி கிடையாது. சிவப்பு, பச்சை, மேலே தேங்காய்ப்பால் அடுக்கு, நெளி கத்தியால் வெட்டிய துண்டுகள். வருடாவருடம் தட்டு அக்காவின் முன்னால் வரும். "எனக்கு ஆகாதுலா" என்று நகர்த்திவிடுவார். தெரியாதவர்களுக்கு முகம் வீங்கிய கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். "கெமிஸ்ட்டுத் தம்பி பாவம், ராப்பகலா ஒழைச்சுச்சு" என்று எனக்கு நற்சான்று வேறு. டாக்டர் பேச்சைக் கேட்டு இறாலையும் விட்டார், அப்புறம் நண்டு. தேங்காய்ப்பால் சோற்றோடு நெத்திலி வைத்துக் கட்டிய நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் நெத்திலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் மனைவியின் இலையில் போடுவார். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

அவருடைய தாயார் அப்போது எஸ்டேட்டை விட்டு அவரோடு வந்துவிட்டிருந்தார். மகள் தட்டை நகர்த்தும்போதெல்லாம் அந்த அம்மாள் சபைக்குச் சொல்வார்: "அப்ப பால் அரிக்குதுன்னா. இப்ப பாசி அரிக்குதுங்கறா. வேலைன்னு வந்தா இவளுக்கு எல்லாம் அரிக்கும்." எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி.

அந்தப் பேச்சை நிறுத்த என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. பால் பட்டால் தனக்கு அரிக்கும் என்று அக்கா பதினாறு வயதிலிருந்து சொன்னது உண்மை. அதற்கு நான் கண்ணால் கண்ட சாட்சி. அந்தச் சாட்சியை ஏழெட்டு வருடம் வாய்க்குள் வைத்திருந்தேன். அக்காவின் தாயார் கடைசியில் காது மந்தமாகி, பிறகு சுத்தமாகக் கேட்காமல் போய், ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

எண்பதுகளின் கடைசிப் பக்கம், ஆலைக்கு வரும் தொழில் பத்திரிகையில் ஒரு மூலையில் சின்னச் செய்தி ஒன்று. ரப்பர் கையுறை போடும் ஆஸ்பத்திரித் தாதிகள் சிலருக்குக் கையும் முகமும் தடித்துப்போவதாகவும், பாலில் உள்ள ஏதோ ஒன்று சில உடம்புகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சந்தேகிப்பதாகவும் போட்டிருந்தது. கூட வேலை செய்தவர்கள் அதை நம்பவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு வராததா?" என்றார் ஒருவர். எங்கள் ஆளுக்கு வந்தது எனக்குத் தெரியும். நான் அப்போதும் அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை மாடிப்படி ஏறினேன்.

அக்கா ஒருத்திக்கு நரைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். எங்கள் லயத்துக்காரிதான் அவள், இப்போது ஈப்போவில் துணி ஆலையில் வேலை.

"அக்கா, அன்னிக்கு அந்தப் பூச்சுல பால் கலந்திருந்தேன்."

"எந்தப் பால்?"

"நம்ம பால்தான். ரெண்டு கரண்டி. பாசி உங்கள ஒன்னும் பண்ணல."

தூரிகை நின்றது. கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார்.

"நான் எறால் தின்னு எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா பாத்துக்கிட்டிருந்த?" பிறகு, மெதுவாக, "அப்ப எனக்கு அரிச்சது நெசந்தான்."

"நெசந்தான்க்கா. பத்திரிகையிலயே போட்டிருக்கான்."

நாற்காலியில் இருந்தவளின் தோளைத் தட்டினார். "கேட்டியாடி? திருப்பிச் சொல்லு தம்பி. இவளும் என்னயச் சொன்னவதான்."

திருப்பிச் சொன்னேன்.

"எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லக்கா" என்றாள் அவள், தலையில் சாயத்தோடு.

"எனக்கு இருக்கு."

மறுபடி தூரிகையைத் தோய்த்தார். இரண்டு மூன்று பட்டை இழுத்த பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அம்மா இருக்கறப்ப சொல்லியிருக்கலாம்டா."

அதுவரை அவர் என்னை 'டா' போட்டதில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு முதல் நாள் மாலை, இறந்தவர்களுக்குப் படையல் போடும் நேரத்தில் வரச்சொல்லி அக்காவிடமிருந்து ஆள் வந்தது. மனைவியிடம் முந்தின வாரமே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அகார் அகார் இழைகளை ஊறவைத்தாள். அந்தத் தட்டோடு போனோம்.

தாயாரின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் இலை விரித்திருந்தது. படத்திலும் அந்த அம்மாள் யாரையோ அதட்டுவதுபோல்தான் இருந்தார். அக்கா எங்கள் தட்டை வாங்கி இலையோரம் வைத்தார். கற்பூரம் காட்டி முடிந்ததும் என்னை முன்னால் தள்ளினார்.

"சொல்லு."

வீட்டு ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். நான் கைகட்டி, முணுமுணுவென்று ஆரம்பித்தேன்.

"சத்தமா சொல்லு தம்பி. அதுக்குக் காது கேக்காது."

சத்தமாகச் சொன்னேன். உங்கள் மகள் வேலைக்கள்ளி இல்லை, பால் அவருக்கு ஆகாது, நான் அது தெரிந்தே கலந்தேன், தெரிந்தே மறைத்தேன். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

அக்கா இலையோரத்திலிருந்து பச்சைத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்றார். இரண்டாவது துண்டையும் எடுத்தார்.

"சீனி கொஞ்சம் கம்மி" என்றார், என்னிடம் அல்ல, என் மனைவியிடம்.